அதிர்வு மெட்ரோனோம்: பார்க்கின்சன் வந்த இசைக் கலைஞர் வாங்கலாமா?

பார்க்கின்சன் என்று மருத்துவர் சொன்ன மறுவாரமே வீட்டில் ஒரு தேடல் தொடங்கிவிடும். கை நடுக்கத்தை அடக்கும் கையுறை கிடைக்குமா, மணிக்கட்டில் எடைப்பட்டை கட்டலாமா, காந்தம் வைத்த கருவி வேலை செய்யுமா என்று பிள்ளைகள் இணையத்தைத் துழாவுவார்கள். வாசிக்கிறவருக்கும் பாடுகிறவருக்கும் அந்தக் காசு பெரும்பாலும் வீண். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வருவது. விநாடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். கை வேலையில் இறங்கியதும் பலருக்கு அது அடங்கிவிடும். மடியில் கிடக்கும்போது ஆடுகிற விரல், வில்லைப் பிடித்ததும் நிற்கிறது. ஆக, பலருக்கு வாசிப்பைக் கெடுப்பது நடுக்கம் அல்ல. அசைவு சிறுத்துப்போவதும், கை இறுகிப்போவதும், உள்ளுக்குள் ஓடும் கணக்கு நழுவுவதும்தான் கெடுக்கின்றன. இந்த மூன்றில் கடைசிக்கு உண்மையாகவே உதவுகிற பொருள் ஒன்று உண்டு. அதுதான், தாள வேகத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமில் உடம்பில் கட்டிக்கொள்ளும் அதிர்வு வகை.

இந்த வகையில் பெயர் பெற்றது சவுண்ட்பிரென்னர் பல்ஸ். கைக்கடிகார அளவில் வட்டமாக இருக்கும். ஒலி எழுப்பாது. ஒவ்வொரு தட்டுக்கும் தோலில் ஒரு குத்து அதிர்வு தரும், விளக்கும் மின்னும். வெளிவட்டத்தைத் திருகினால் வேகம் மாறும், முகப்பைத் தட்டியும் வேகம் வைக்கலாம். தாள அமைப்பு, அழுத்தம், பாட்டு வரிசை எல்லாம் கைபேசி ஆப்பில். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, கை கால் தொடைக்கு நீளப் பட்டை என்று கட்டிக்கொள்ளலாம். இசைக் கலைஞர்களுக்கென்று செய்த பொருள் இது. பார்க்கின்சனுக்கென்று செய்தது அல்ல, மருத்துவக் கருவியும் அல்ல. அதனால் கீழே சொல்வதெல்லாம் அதை நம் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் முறைதான்.

அதிர்வு ஏன் உதவுகிறது

தானாகத் தொடங்கும் அசைவு, தானாக நீளும் கணக்கு, இரண்டுக்கும் மூளையின் அடியில் உள்ள பேசல் கேங்க்லியா என்ற பகுதி தேவை. பார்க்கின்சனில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்தால் முதலில் தடுமாறுவது அதுதான். வெளியிலிருந்து தாளம் வந்தால் மூளை வேறு வழியாக அசைவை நடத்திக்கொள்ளும். நடக்கையில் கால் ஒட்டிக்கொள்பவர்களுக்கு மெட்ரோனோம் வைத்து நடைப் பயிற்சி தருவது இதனால்தான். அவரவர் இயல்பு நடையை அளந்துவிட்டு, அதற்கேற்ப வேகம் வைப்பார்கள்.

பாடகருக்குத் தாளம் போடும் கையிலேயே இது தெரிந்துவிடும். நரம்பியல் மருத்துவர் சோதிக்கும்போது இரண்டு அசைவுகளைச் செய்யச் சொல்வார்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டுவது, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புவது. விரல் எண்ணலும் வீச்சும் ஏறத்தாழ அவைதானே. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் லகுவின், அதாவது ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் கொண்ட முதல் பகுதியின், தட்டு நன்றாக விழும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கை ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கொஞ்சம் சிறுக்கும். நாலைந்து ஆவர்த்தனம் போனதும் விரல் தொடுவது பாவனையாகிவிடும். திருதத்தின், அதாவது ஒரு தட்டும் ஒரு வீச்சுமான பகுதியின், வீச்சில் கை முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்து வாசிக்கும் மிருதங்கக்காரருக்கு இது பெரிய தொல்லை. மருந்தின் வேகம் இறங்கத் தொடங்குவதைப் பாட்டுக்கு முன்னால் தாளக் கைதான் காட்டிக்கொடுக்கும்.

எங்கே கட்டுவது

பெட்டியில் மணிக்கட்டுப் பட்டை வருவதால் எல்லாரும் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். கர்நாடக இசைக் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு அது சரியான இடம் அல்ல. வயலின்காரர் வில் பிடிக்கும் மணிக்கட்டில் கட்டினால் ஒவ்வொரு அதிர்வும் வில்லில் இறங்கும். நீண்ட வில்லில் கார்வை பிடிக்கும்போது ஒலி தெறிக்கும். ‘காலில் கட்டிக்கொள்கிறேன்’ என்றால் அதிலும் ஒரு சிக்கல். நம் முறையில் தரையில் அமர்ந்து வாசிக்கையில் வயலினின் சுருள்தலை வலது பாதத்தின்மேல் நிற்கிறது. வலது கணுக்காலில் கட்டிய கருவியின் அதிர்வு நேராக மரத்துக்குள் போகும். வயலினில் பிக்கப் மைக் ஒட்டியிருந்தால் ஒலிபெருக்கியில் ‘ட்ர்ர்... ட்ர்ர்...’ என்று அரங்கம் முழுக்கக் கேட்கும். மிருதங்கத்துக்கும் அதே கதி. வாத்தியம் வலது பாதத்திலும் கணுக்காலிலும் நிற்கிறது, மடக்கிய இடதுகால் அதன் உடலை ஒட்டியிருக்கிறது. இரண்டு காலுமே கூடாது.

வயலின், மிருதங்கம் இரண்டுக்கும் நல்ல இடம் இடது மேற்கை, முழங்கைக்கு நான்கு விரல் மேலே. ஜிப்பா, ரவிக்கைக் கைக்குள் மறைந்தும்விடும். துணிமேல் கட்டக் கூடாது, தோலில் நேரே படவேண்டும். துணி நடுவில் இருந்தால் குத்து மழுங்கி ரீங்காரமாகிவிடும். பாடகர் தாளம் போடாத கைப் பக்கம் கட்டலாம். கீபோர்டு வாசிப்பவருக்குத் தொடை உத்தமம். நோய் ஒரு பக்கம் கூடுதலாக இருக்குமாதலால் கருவியைக் குறைவாகப் பாதித்த பக்கம் கட்டுவது நல்லது. நடுங்கும் கையிலேயே அதிர்வும் வந்தால் எது எதுவென்று பிரித்தறிவது சிரமம்.

நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கணுக்காலில் கட்டி ‘கருவி வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்புவதற்கு முன் மேற்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். டிபிஎஸ் அறுவை (மூளைக்குள் மின்முனை பதித்துத் தூண்டும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் நெஞ்சில் ஜெனரேட்டர் பதித்த இடத்தின்மேல் இதையோ காந்தம் உள்ள வேறெதையோ கட்டக் கூடாது.

தாளம் அமைப்பது

ஆப்பில் இருப்பது மேல்நாட்டுக் கணக்கு. நமக்கு வேண்டியது அட்சர (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) எண்ணிக்கையும் அழுத்தமும் மட்டுமே, அதனால் தொல்லையில்லை. ஆதி தாளத்துக்கு 8 தட்டு வைத்து, 1இல் வலுவான அதிர்வு, 5இலும் 7இலும் நடுத்தரம், மற்றவை மெல்லியது. மிஸ்ரசாபுவுக்கு 7 வைத்து 1, 4, 6. கண்டசாபுவுக்கு 5 வைத்து 1, 3. எல்லாத் தட்டையும் ஒரே அழுத்தத்தில் விட்டுவிட்டால் மூன்றாம் ஆவர்த்தனத்திலேயே சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, எங்கே என்று தொலைந்துபோகும். சமத்தின் குத்து மற்றவற்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியும்படி இருக்க வேண்டும்.

விளம்ப காலத்தில் கவனிக்க வேண்டியது வேறு. 40 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 40 தட்டு) ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை விநாடி இடைவெளி. அந்த இடைவெளியை உள்ளுக்குள் நிரப்புவதுதான் பார்க்கின்சனில் கடினம். ஆகவே இரண்டு களை ஆதிக்கு (ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டாக வரும் ஆதி தாளம்) 40இல் எட்டு என்று வைக்காமல், 80இல் 16 என்று வைத்து 1, 9, 13இல் அழுத்தம் கொடுங்கள். கை போடுவது பழையபடியே, தோலில் வருவது மட்டும் இரட்டிப்பு.

முகப்பைத் தட்டி வேகம் வைக்கும் வசதி நமக்கு ஆகாது. விரல் ஒருமுறை தட்ட நினைத்தால் நடுக்கம் இரண்டாகப் பதியும். 72 வைக்கப்போய் 140 வந்து நிற்கும். வட்டத்தைத் திருகுவதும் இறுகிய விரல்களுக்குச் சுலபமல்ல. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் உட்கார்ந்து, பாட்டு வாரியாக ஆப்பில் எண்ணைத் தட்டச்சு செய்து சேமித்துவைப்பதே வழி. வர்ணம் இவ்வளவு, மெயின் (கச்சேரியின் முக்கிய உருப்படி) இவ்வளவு, துக்கடா இவ்வளவு என்று வரிசை தயாராக இருந்தால் மேடையில் ஒரே தொடுதலில் அடுத்ததற்குப் போகலாம். அதையும் தம்புராவுக்கு உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் விட்டுவிடுவது இன்னும் மேல்.

எந்த வேகத்தில் கை ஓடிவிடுகிறது

இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. விளம்பரத்தில் இது இருக்காது.

பார்க்கின்சனில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, விநாடிக்கு ஏறத்தாழ இரண்டைத் தாண்டும் இடத்தில் பலருக்குக் கை தன்போக்கில் வேகம் எடுத்து, சிறுத்து, நடுக்கத்தின் வேகத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். சரளி வரிசை இரண்டாம் காலத்தை 60 பிபிஎம்மில் வாசித்தால் விநாடிக்கு இரண்டு ஸ்வரம். அதுதான் வாசல்படி. மூன்றாம் காலத்தை 60இலிருந்து 90க்குள் வாசித்தால் விநாடிக்கு நாலிலிருந்து ஆறு. அது அச்சாக நடுக்கத்தின் வேகம். மிருதங்கத்தில் ‘தகதிமி’ நடை மிதமான காலப்பிரமாணத்தில் (பாட்டின் வேகம்) ஓடுவதும் அங்கேதான். விரைவான கோர்வை (கணக்கோடு முடியும் சொற்கட்டு) சரியாக வந்து, ஒரே நடை திரும்பத் திரும்ப ஓடும் சாதாரண சர்வலகுவில் கை குலைகிறதே என்று வித்வான்கள் திகைப்பதற்கு இது ஒரு காரணம். கோர்வையில் சொல் மாறிக்கொண்டே இருக்கும், கவனம் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும். சர்வலகு தானாக ஓடவேண்டியது, அந்தத் தானாக என்பதுதான் போய்விட்டது.

உங்கள் வாசல்படி எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முறை. கைபேசியை முக்காலியில் நிறுத்தி, மணிக்கட்டு தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒரே சொல்லையோ ஒரே வரிசையையோ தட்டுக்கு இரண்டாக, 40 பிபிஎம்மில் தொடங்கி ஒரு நிமிடம் வாசியுங்கள். ஓய்வு. பிறகு நாலு நாலாகக் கூட்டுங்கள். ஏதோ ஒரு வேகத்தில் மூன்று அடையாளம் சேர்ந்து வரும்: வில்லின் நீளம் அல்லது கையின் உயரம் குறையும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், ஒலி அதிர்வுக்கு முன்னால் விழத் தொடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து உச்சத்தில் இருக்கும்போது ஒரு எண், இறங்கிய பிறகு ஒரு எண் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தத் தாளை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் காட்டலாம். ‘வாசிக்க முடியவில்லை’ என்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.

சாதகம் அந்த எண்ணுக்கு 10, 15 சதவீதம் கீழே. அந்த வேகத்தில் அசைவைப் பெரிதாக்க வேண்டும். வில்லின் முழு நீளத்தையும் இழுப்பது, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கையை வழக்கத்தைவிட உயர்த்தி அடிப்பது. பார்க்கின்சனில் தனக்கு மிகையாகத் தோன்றும் அளவுதான் பிறர் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். குரலுக்கும் இதே கதைதான், அதைக் கீழே சொல்கிறோம். அதிர்வையே நம்பிக் கிடக்கவும் கூடாது. எட்டு அட்சரம் அதிர்வு, அடுத்த எட்டு மௌனம் என்று அமைத்து, மௌனத்துக்குப் பின் சமத்தில் சேர்கிறோமா என்று பார்ப்பது அவசியம். முதலில் மௌனத்தில் முந்திப்போவோம். நாளடைவில் அந்த முந்தல் குறையும்.

கச்சேரியில் கட்டலாமா

சினிமா இசைக்குழு, மெல்லிசை மேடை, தேவாலய கீபோர்டு என்றால் தயங்காமல் கட்டலாம். அங்கே பாட்டு கிளிக்கில் (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டு) ஓடுகிறது. காதுக்குள் கேட்கும் கிளிக்கோடு தோலிலும் வந்தால் இரட்டைப் பிடிமானம்.

கர்நாடகக் கச்சேரியில் முழுநேரமும் ஓடவிடுவது தவறு. நம் காலப்பிரமாணம் ஒரு கிருதிக்குள்ளேயே மயிரிழை ஏறி இறங்கும். நிரவலில் சூடு பிடிக்கும்போது மிருதங்கமும் கூடவே வரும். கருவி மட்டும் வராது. ஐந்தாம் நிமிடத்தில் மிருதங்கத்துக்கும் தோல் அதிர்வுக்கும் கால் அட்சரம் வித்தியாசம் வந்துவிட்டால் பார்க்கின்சன் உள்ளவருக்கு எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம் மற்றவர்களைவிட அதிகம். மேடையில் இதன் இடம் எடுப்புக்கு, அதாவது பாட்டைத் தொடங்குவதற்கு, முன்னால் மட்டும். ஒரு ஆவர்த்தனம் அதிர்வை உணர்ந்து, காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு, நிறுத்திவிட்டுத் தொடங்குவது. பதற்றத்தில் வழக்கத்தைவிட வேகமாகத் தொடங்கும் பழக்கம் இதனால் நிற்கும். அதன்பிறகு பக்கவாத்தியம்தான் உங்கள் வெளித்தாளம். கை சிறுத்துவிட்ட பாடகர், மாணவர் ஒருவரைத் தெளிவாகத் தாளம் போடச் சொல்லிப் பக்கவாத்தியக்காரர்களை அவர் கையைப் பார்க்கச் சொல்லலாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கருவியின் சின்ன விஷயங்கள்: கைபேசியில் பேட்டரி சேமிப்பு இயங்கினால் ஆப் பின்னணியில் மூடப்பட்டு இணைப்பு அறுந்துபோகலாம். அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். சார்ஜ் போடுவதை அன்று காலையே முடித்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரம், கைபேசியில் ஏதாவது இலவச மெட்ரோனோம் ஆப்பை அதிர்வில் வைத்து மேற்கைப் பட்டையில் செருகிச் சாதகம் செய்து பாருங்கள். கைபேசியின் அதிர்வு மந்தமானதுதான். அதிலேயே கை சீராகிறதென்றால் நல்ல கருவிக்குச் செலவிடுவதில் பொருள் உண்டு. துளியும் மாற்றம் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மாத்திரையும் மெயினும்

எந்த மெட்ரோனோமும் ஈடுகட்ட முடியாதது மருந்து நேரத்தை. லீவோடோபா–கார்பிடோபா, நம் கடைகளில் சிண்டோபா என்ற பெயரில் பலர் வாங்குவது, போட்டு அரைமணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை செய்யத் தொடங்கும். உடம்பில் அதன் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம்தான். நோய் சில ஆண்டு முதிர்ந்தபின் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஏற்றம், ஒரு உச்சம், ஒரு இறக்கம் என்று தெளிவாகத் தெரியும். உச்சத்தில் சிலருக்கு உடம்பு தானாக நெளியும். இறக்கத்தில் கை மரத்துப்போனதுபோல் இறுகும்.

புரதம் இந்த மருந்தோடு குடலில் போட்டி போடும். சபா கேன்டீனில் வடையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால், முதல் கிருதி முடிந்தும் மருந்து ஏறாமல் இருக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணிக்குப் பிறகோதான் போட வேண்டும். கூடவே இரும்புச்சத்து மாத்திரை போடக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால், வயிறு மெதுவாகக் காலியானால், அன்று மருந்து தாமதமாகும். அதுவும் கணக்கில் வரவேண்டும்.

இதைவைத்துக் கச்சேரியின் அமைப்பையே மாற்றலாம். வழக்கமான இரண்டரை மணிக் கச்சேரியில் மெயின் ஒரு மணி நேரம் கழித்து வருகிறது, தனி ஆவர்த்தனம் அதற்கும் பின்னால். பலருக்கு மருந்து இறங்கும் நேரம் சரியாக அதுதான். வர்ணம், ஒரு சிறு கிருதி, உடனே மெயின் என்று போட்டு, கனமானதை முதல் முக்கால் மணியில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். விருத்தம், துக்கடா, திருப்புகழ் எல்லாம் பின்னால் வரட்டும். விருத்தத்துக்குத் தாளமே இல்லை, கை இறங்கும் நேரத்துக்கு அது பொருத்தம். மூன்று நாள், அரைமணிக்கு ஒரு முறை கை எப்படி இருக்கிறது என்று தாளில் குறித்துவைத்தால் உங்கள் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். மாத்திரை நேரத்தை மாற்றுவது மட்டும் மருத்துவரோடு பேசி, கச்சேரிக்குப் பல வாரம் முன்பே சாதக நாளில் சோதித்த பிறகுதான். கச்சேரி அன்று கூடுதலாக அரை மாத்திரை போட்டுப் பார்க்கும் சோதனை கூடவே கூடாது.

முழு இரவையும் சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் ஓர் உதாரணம். தமக்குப் பார்க்கின்சன் என்று 2018இல் அறிவித்தார். முழுச் சுற்றுப்பயணத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, முடிந்த இடங்களில் கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் மேடை ஏறினார். பார்க்கின்சன் வந்த ராக் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் தம் கடைசி நிகழ்ச்சியைச் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். நம் சபாக்களில் நாற்காலி கேட்கக் கூசுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து தலைசுற்றும். திரை விழுந்தபிறகு ஒரு நிமிடம் கால் நீட்டி இருந்து, கை கொடுக்க ஆள் வந்தபிறகு எழுவதே முறை.

கூடவே வாங்கத் தகுந்தவை

வயலின்காரர்களுக்கு மெட்ரோனோமுக்கு முன்பே நாங்கள் சொல்வது பல்சக்கரம் வைத்த பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு). சாதாரணப் பிரடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அழுத்துவது, திருகுவது என்ற இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வதுதான் இறுகிய மணிக்கட்டுக்கு முடியாதது. பிரடை நழுவி, தந்தி அவிழ்ந்து, மேடையில் வியர்க்கும். விட்னர் ஃபைன்ட்யூன் பிரடையில் எட்டரைச் சுற்றுக்கு உள்தண்டு ஒரு சுற்று. அழுத்தத் தேவையில்லை, விட்ட இடத்தில் நிற்கும். பார்வைக்குச் சாதாரணப் பிரடை போலவே இருக்கும். நில்லிங் பெர்ஃபெக்ஷன் பிளானட்டரி வகையில் இந்த விகிதம் நாலுக்கு ஒன்று. ஆகவே கைக்கு நுணுக்கம் குறைந்தவருக்கு விட்னரே மேல். புதுத் தந்தி மாட்டும்போது நிறையச் சுற்ற வேண்டியிருக்கும் என்பதே அதன் குறை. பிரடை ஓட்டையை அளந்து, தேவையானால் சீவிப் பொருத்த வேண்டும், அதனால் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

டேப்லட்டில் சாகித்யமோ நோட்ஸோ வைத்துக்கொள்பவர்கள் காலால் பக்கம் திருப்பும் புளூடூத் பெடல் வாங்குகிறார்கள். பெடலை டேப்லட் ஒரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். கால் நடுங்கி இரட்டை அழுத்தம் விழுந்தால் இரண்டு பக்கம் தாண்டிவிடும். ஐபேடில் அணுகல்தன்மை அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் மெதுவிசையை (Slow Keys) இயக்கினால், குறிப்பிட்ட நேரம் அழுத்தினால்தான் பக்கம் திரும்பும். பெடலைக் குறைவாகப் பாதித்த கால் பக்கம் வைத்து, அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். முகத்தைச் சுளித்தோ கண்ணடித்தோ பக்கம் திருப்பும் வசதி சில ஆப்களில் உண்டு. பார்க்கின்சனில் முகத்தசை இறுகி பாவம் குறைவதால் கேமரா அதைப் பிடிக்காமல் போகலாம். அந்த வசதிக்காகச் சந்தா கட்ட வேண்டாம்.

பாடகர்களுக்குப் பொருளைவிடப் பயிற்சி முக்கியம். எல்எஸ்விடி லவுட் என்ற குரல் சிகிச்சை வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நோக்கம் ஒன்றே: உரக்க. பார்க்கின்சனில் குரல் தேய்ந்துபோனது பாடுகிறவருக்கே தெரியாது. இயல்பான அளவில் பாடச் சொன்னால் கத்துவதாகத் தோன்றும். அந்த அளவுகோலைத் திருப்பி வைப்பதுதான் சிகிச்சை. பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளரிடம் போகும்போது, நீங்கள் பாடகர் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். மானிட்டர் ஸ்பீக்கரில் சொந்தக் குரலை மிகவும் கூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். காதில் அதிகமாகக் கேட்டால் தொண்டை இன்னும் குறைத்துக் கொடுக்கும். தம்புராவைக் கூட்டுங்கள், குரலை அளவோடு விடுங்கள். டிரைஹெக்சிஃபெனிடில் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு வாய் உலரும், சாகித்யமும் நழுவலாம். மருந்துச் சீட்டில் அது இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிபிஎஸ் அறுவை சிகிச்சை இந்த மதிப்புரையின் எல்லையைத் தாண்டியது. ஒன்று மட்டும். 2025இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பார்க்கின்சன் உள்ள ஒருவர் அறுவை நடக்கும்போதே கிளாரினெட் வாசித்தார், விரலில் வந்த மாற்றத்தை மருத்துவர்கள் அங்கேயே பார்த்தார்கள். கை வாத்தியக்காரருக்கு அது நம்பிக்கை தருவது. பாடகருக்கு நிலை வேறு: கை தேறினாலும் உச்சரிப்பு குழறும் வாய்ப்பு இந்தச் சிகிச்சையில் உண்டு. ஆகவே பாடகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி குரலைப் பற்றியது.

யாருக்கு வேண்டாம்

நோய் தொடக்க நிலையில், மருந்து நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும்போது அதிர்வு மெட்ரோனோம் அவசரமில்லை. தாளக் கருவியோ கைபேசி ஆப்போ போதும். அதிர்வு பட்டதும் நெளிவு கூடுகிறவர்களும், ஞாபகமும் கவனமும் பெரிதாகக் குறைந்தவர்களும் வாங்க வேண்டாம். அவர்களுக்குக் கூட உட்கார்ந்து தாளம் போடும் ஒரு மனிதர்தான் தேவை. நடுவில் இருப்பவர்கள், அதாவது வேளைக்கு வேளை கை மாறுகிறது, ஆனாலும் தினம் சாதகம் செய்கிறேன் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி உள்ள விற்பனையாளரிடம் வாங்கி, கிடைத்த நாளிலேயே மேற்கையில் கட்டி, 80இல் 16 அட்சரம் வைத்து, சமத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் பெட்டியைப் பிரித்தது பிரித்தபடியே திருப்பி அனுப்பிவிடலாம்.